6 வருட டெஸ்டிங், 4% ஹைக்: இனி எதைப் படித்தால் சம்பளம் ஏறும்?

#1 பச்சைவிளக்கு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளில் தவறு இருக்கிறதா என்று நிரல் எழுதிச் சோதிக்கும் வேலையில், 6 வருடம் ஆகிறது. ஒரே நிறுவனம். போன மாத அப்ரைசலில் 4% சம்பள உயர்வு கிடைத்தது. அதைக்கூட சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் மேனேஜர் ஸ்கிரீன் ஷேர் செய்தபோது தவறான டேப் திறந்துவிட்டது. நாலைந்து விநாடிதான். எங்கள் டீமின் சம்பள ஷீட். கரன்சி வேண்டாம், என் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்பு சேர்ந்த, 3 வருட அனுபவமுள்ள தம்பிக்கு 131. அவனுக்கு லாகின் வாங்கிக் கொடுத்து, எங்கள் ஃபிரேம்வொர்க்கைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மேனேஜர் டேபை மூடிவிட்டு "சரி, அடுத்த ஸ்பிரிண்ட்" என்றார். எல்லோருடைய மைக்கும் மியூட்டிலேயே இருந்தது.

அன்றிரவு "அதிக சம்பளம் தரும் 10 ஐடி வேலைகள்" வகைப் பட்டியல் படங்களை எல்லாம் பார்த்து முடித்தேன். ஒன்றில் கிளவுட் மேலே, ஒன்றில் சைபர் செக்யூரிட்டி, இன்னொன்றில் ஏஐ. டெஸ்டிங் எதிலும் இல்லை. ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டப்போகிறேன். எதில் கட்டலாம்?

#2 இரவுக்காவல்

இப்போதைக்கு எதிலும் கட்டாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் டெஸ்ட் செய்வது எதை? டூல் பெயர் வேண்டாம்.

#3 புதுவரவு

அக்கா, உங்களுக்கு 4 சதவீதமாவது வந்தது. நான் படிப்பு முடித்து 8 மாதம். 214 விண்ணப்பம், 5 அழைப்பு, 0 வேலை. "ஃப்ரெஷர் தேவை, 2 வருட அனுபவம் அவசியம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

#4 ஆள்பிடிப்பவள்

ஆட்சேர்ப்பில் 11 வருடம் இருக்கிறேன். அந்த 131 எப்படி வந்தது என்று சொல்கிறேன், கோபம் கொஞ்சம் தணியலாம். அல்லது கூடலாம்.

நிறுவனத்தில் இரண்டு பைகள் இருக்கும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கான உயர்வு ஒரு பை. மொத்தச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று நிதித்துறை வருடத்துக்கு ஒரு முறை முடிவு செய்து மேனேஜரிடம் கொடுக்கும். அவர் உங்களுக்கு 9 கொடுத்தால் இன்னொருவருக்கு 1 என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது, எல்லோருக்கும் 4 போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். புதிதாக ஆள் எடுப்பது வேறு பை. அதை நிரப்புவது சந்தை. நான் ஒரு இடத்தை நிரப்பப் பேசும்போது, வருபவர் கையில் ஏற்கெனவே இரண்டு ஆஃபர் இருந்தால் அதற்கு மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் இடம் காலியாகக் கிடக்கும். உங்களை நிறுவனம் குறைவாக எடைபோட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களை யாரும் எடைபோடவே இல்லை. 6 வருடம் முன்பு சேர்ந்தபோது போட்ட தொகைமேல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அந்தப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக்யூரிட்டியில் ஆள் பற்றாக்குறை உலகம் முழுக்க 40 லட்சம் என்று அந்தத் துறையினருக்கான ஐஎஸ்சி2 அமைப்பு 2023 இல் சொன்னது. அடுத்த வருடம் 48 லட்சம். அது காலியிடங்களின் எண்ணிக்கை என்று எண்ணிக்கொண்டு கோர்ஸ் முடித்து வருபவர்களை வாரம் இருவரையாவது பார்க்கிறேன். "எங்களைச் சரியாகக் காக்க இன்னும் இத்தனை பேர் வேண்டும்" என்று துறையில் இருப்பவர்கள் சொன்னதை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. வேண்டும் என்பது வேறு, அதற்குப் பட்ஜெட் ஒப்புதல் கிடைத்திருப்பது வேறு. செக்யூரிட்டி நல்ல துறைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் தொடக்க நிலை இடம் ஒன்றுக்குக் கூட்டம் அலைமோதுகிறது, 8 வருட அனுபவமுள்ள ஆள்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

#5 வட்டிவீதம்

இதையெல்லாம் ஆள் எடுப்பவர், மேனேஜர் என்று கீழே இருந்தே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் தெரியும். ஐடி சம்பளத்தின் பெரிய பொத்தான் வேறு இடத்தில் இருக்கிறது.

2020, 2021 இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். கடன் மலிவு, முதலீட்டுப் பணம் கொட்டிக் கிடந்தது. நாளைக்குத் தேவைப்படலாம் என்று இன்றே ஆளை எடுத்து வைத்தார்கள். மெட்டாவில் 2019 முடிவில் ஏறக்குறைய 45,000 பேர். 2022 செப்டம்பரில் 87,000. 2022 மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கியது, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போய் நின்றது. இடையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. ஆனால் கணக்குப் பாருங்கள்: அனுப்பிய பிறகும் மெட்டாவில் மிஞ்சியவர்கள் 2019 எண்ணிக்கையைவிட முப்பதாயிரம் பேர் அதிகம். துறை செத்துவிட்டது என்று அலறியவர்கள் இந்தக் கழித்தலைப் போடவே இல்லை.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. அமெரிக்காவில் 2017 இல் போட்ட வரிச்சட்டத்தின் ஒரு பிரிவு 2022 இல் அமலுக்கு வந்தது. அதுவரை மென்பொருள் எழுதும் செலவை, அதாவது உங்களைப் போன்றவர்கள் சம்பளத்தை, அந்த வருட லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். அதன் பிறகு உள்நாட்டு வேலைக்கு 5 வருடம், வெளிநாட்டில் செய்த வேலைக்கு 15 வருடம் என்று பரப்பித்தான் கழிக்க வேண்டும் என்றாகிவிட்டது. கையில் காசே வராத சின்ன நிறுவனம் காகிதத்தில் லாபம் காட்டி வரி கட்டியது. 2025 இல் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய முறையைக் கொண்டுவந்தார்கள். இதில் எந்த கோர்ஸ் உதவும், சொல்லுங்கள்?

#6 இரவுக்காவல்

வட்டிவீதம் சார் வந்தால் இழையே மத்திய வங்கிக் கூட்டம் ஆகிவிடும் :) அவர் சொல்வது சரிதான். ஆனால் பச்சைவிளக்கு வட்டியைக் குறைக்க முடியாது. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

#7 கோபோல்தாத்தா

நான் இந்த வேலைக்கு வந்தது 1997 இல். 2000 பிறந்தால் '00' ஐக் கணினி 1900 என்று எடுத்துக்கொள்ளுமே என்ற பயத்தில், இரண்டு இலக்க வருடத்தை நாலு இலக்கமாக மாற்றும் வேலை. அப்போது எங்களுக்கு இருந்த கிராக்கியை இன்றைய ஏஐ ஆட்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தேதி எங்கே வருகிறது என்று நிரலில் தேடத் தெரிந்தால் போதும், வேலை. 2000 ஜனவரி 1 விடிந்தது, எதுவும் வெடிக்கவில்லை, ஏப்ரலில் என் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி. தொழில்நுட்ப நிறுவனப் பங்குகள் நிறைந்த அமெரிக்க நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டியது, 2002 அக்டோபரில் 1,100 பக்கம் கிடந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இங்கே முக்கியம். அமெரிக்காவில் கணினித் துறையில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் 2004 இல் சுமார் 59,000. இவர்கள் படிக்கச் சேர்ந்தது 2000 வாக்கில், உச்சத்தைப் பார்த்து. வெளியே வந்தபோது விருந்து முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. அதைப் பார்த்து அடுத்த செட் பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள், 2009 இல் பட்டம் வாங்கியவர்கள் சுமார் 38,000 தான். அந்தக் கொஞ்சம் பேருக்கு ஆரம்பம் கடினம், பிறகு பத்து வருடம் அவர்கள் காட்டில் மழை. அதைப் பார்த்து மறுபடி கூட்டம்: 2021 இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பொறியாளர் சம்பளத்தில் இந்த ஆட்டத்தை ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1976 இலேயே எழுதிவிட்டார், 'சிலந்திவலை மாடல்' என்று பெயர். இன்றைய சம்பளத்தைப் பார்த்துச் சேர்கிறோம், நாலு வருடம் கழித்துச் சந்தைக்கு வருகிறோம், நம்மோடு எல்லோரும் வருகிறார்கள்.

தம்பி புதுவரவு, உன் 214க்கு இது ஒரு காரணம். நீ 2021 இல் சேர்ந்தாய் என்றால் உலகத்தோடு சேர்ந்து சேர்ந்திருக்கிறாய். உன் தப்பு இல்லை.

#8 புதுவரவு

2021 தான் ஐயா. அப்போது சீனியர் அண்ணன்களுக்குக் கையில் மூன்று ஆஃபர் இருந்தது.

#9 நிலா_ரூட்

தாத்தா, கோபோல் என்ற அந்தப் பழைய நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு இப்போது நிஜமாகவே சம்பளம் அதிகமா? எங்கு பார்த்தாலும் "கோபோல் படியுங்கள், தங்கச் சுரங்கம்" என்கிறார்கள்.

#10 கோபோல்தாத்தா

2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி கவர்னர் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். வேலையிழப்பு உதவித்தொகைக் கணினி விண்ணப்பங்களைத் தாங்கவில்லை. அவர் கேட்டது தன்னார்வலர்களை, அம்மா! தன்னார்வலர் என்றால் சம்பளம் என்னவென்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

மொழியை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்குக் காசு வருவது மொழிக்கு இல்லை. மாதக் கடைசி இரவு வட்டிக் கணக்கு ஓடும்போது, நாலாவது ஜாப் (வரிசையில் தானாக ஓடும் நிரல்) ஏன் இரண்டாவது ஜாபுக்குக் காத்திருக்கிறது என்பது எழுதிவைக்கப்படாத சங்கதி. அதைத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் ரிட்டயர்ட், ஒருவர் காலமாகிவிட்டார்.

#11 நிலா_ரூட்

அப்போது ஏஐ? யாராவது பேசித்தானே ஆக வேண்டும். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். அதே மாதம்தான் மெட்டா லேஆஃப். இரண்டையும் முடிச்சுப் போடுவது தப்பு, ஒரே நாளில் யாரும் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. ஆனால் 2025 இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டுவாடாத் தரவை வைத்துப் பார்த்ததில், 22 முதல் 25 வயது மென்பொருள் ஆட்களின் வேலை எண்ணிக்கை 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட 20% குறைந்திருக்கிறது. வயதில் மூத்தவர்களிடம் அந்த இறக்கம் இல்லை.

#12 வட்டிவீதம்

அதிலும் வட்டி இருக்கிறது. ஆள் எடுப்பதை நிறுத்தினால் முதலில் அடிபடுவது எப்போதும் வாசலில் நிற்பவன்தான். 2001 இலும் அப்படித்தான், 2009 இலும் அப்படித்தான். அப்போது எந்த ஏஐ இருந்தது?

#13 நிலா_ரூட்

சார், என் டீமில் நடப்பதைச் சொல்கிறேன். போன வருடம் வரை, ஒரு டேபிளிலிருந்து இன்னொரு டேபிளுக்குத் தரவை நகர்த்தும் எளிய பைப்லைன்களை ஜூனியருக்குக் கொடுப்போம். இரண்டு நாள் எடுப்பான், ஒரு தவறு செய்வான், நான் அரை மணி உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன். இப்போது அதை நானே ஏஐயிடம் கேட்டு வாங்கி, அதே அரை மணியில் சரிபார்த்து முடித்துவிடுகிறேன். என் மேனேஜர் ஜூனியர் இடம் கேட்டு அனுப்பவே இல்லை. யாரையும் துரத்தவில்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். இது எந்த லேஆஃப் பட்டியலிலும் வராது. உங்கள் வட்டி நாளைக்கே பூஜ்யம் ஆனாலும் அந்த இடத்தைக் கேட்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

#14 வட்டிவீதம்

நியாயமான பதில். கொஞ்சம் யோசிக்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023-33 கணிப்பில் ஒரு வேடிக்கை உண்டு: "மென்பொருள் உருவாக்குநர்" ஏறக்குறைய 18% கூடும், "கணினி நிரலாளர்" 10% குறையும். சாதாரணமாக நாம் இரண்டையும் ஒரே ஆள் என்றுதான் சொல்வோம். அவர்கள் வகைப்பாட்டில் முதல் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர், இரண்டாவது ஆள் கொடுத்ததை நிரலாக எழுதுபவர். உங்கள் ஜூனியர் இரண்டாவது பெட்டியில் இருந்தவர்.

#15 பச்சைவிளக்கு

மன்னிக்கவும், ரிலீஸ் வாரம், இப்போதுதான் வர முடிந்தது. இரவுக்காவல் அண்ணா கேட்டதற்குப் பதில்: நான் டெஸ்ட் செய்வது ரீஃபண்ட். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் பகுதி.

#16 இரவுக்காவல்

அதில் நீங்கள் பிடித்த பக்குகளிலேயே, அதாவது நிரல் தவறுகளிலேயே, மோசமானது எது?

#17 பச்சைவிளக்கு

இரண்டு வருடம் முன்பு. பத்தாயிரத்தில் ஒரு ரீஃபண்ட் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. டெவலப்பர்கள் நம்பவில்லை, ஏனென்றால் ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் தடுப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. கணினியின் லாக் பதிவுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தேன். இரட்டையாகப் போனவை எல்லாமே நள்ளிரவை ஒட்டி. அப்புறம்தான் புரிந்தது: அடையாள எண்ணுக்குள் தேதியையும் சேர்த்திருந்தார்கள். 11:59க்குப் போன கோரிக்கைக்குப் பதில் வராமல் டைம்-அவுட் ஆகி, 12:00க்கு மறுமுயற்சி போனால், தேதி மாறியதால் எண்ணும் மாறிவிடும். கணினிக்கு அது புது ரீஃபண்ட். கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்து ஓடும் டெஸ்ட் ஒன்று எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே சிவப்பு, தவறு மாட்டியது.

#18 இரவுக்காவல்

இதை உங்கள் ரெஸ்யூமேயில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

#19 பச்சைவிளக்கு

"செலீனியம், ஜாவா, எஸ்க்யூஎல், 1,200+ டெஸ்ட் கேஸ்".

#20 இரவுக்காவல்

😐

சரி, கேளுங்கள். நான் பேமெண்ட் சிஸ்டத்தில் ஆன்-கால் ஆள். இரவு 2 மணிக்கு என் போன் அடித்தால் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய பணம். எங்கள் பக்கம் சம்பளம் ஏன் கூடுதல் என்றால் நாங்கள் புத்திசாலிகள் என்பதால் இல்லை. தப்பானால் எவ்வளவு போகும் என்று முதலாளிக்கு எண்ணாகத் தெரியும், அதனால். நீங்களும் அதே பணத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆனால் ரெஸ்யூமேயில் டூல் கடை விரித்திருக்கிறீர்கள். அந்த டூல் நாளைக்கு மாறும். நள்ளிரவு வருடம் 365 முறை வரும்.

அந்த 1,200ஐ எடுத்துவிட்டு இந்த பக்கை நாலு வரியில் எழுதுங்கள். பேமெண்ட், பில்லிங், கணக்கு ஒப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்புங்கள். 15 போதும்.

#21 ஆள்பிடிப்பவள்

வழிமொழிகிறேன். கூடவே ஒன்று: "இப்போது என்ன வாங்குகிறீர்கள்" என்று என் மாதிரி ஆள் கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வரம்பை முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் விளம்பரத்திலேயே வரம்பைப் போட்டாக வேண்டும் என்று சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவில் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே தடை, உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் வரை கெடு. சட்டம் இல்லாத இடத்திலும் கேட்பதில் தவறில்லை. நான் பாதி நேரம் சொல்லிவிடுவேன். என் தொழில் ரகசியத்தை நானே உடைக்கிறேன், இந்தப் புனைபெயர் யாருடையது என்று தேடாதீர்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். பெரிய நிறுவனங்களே இதில் எப்படி விளையாடியிருக்கின்றன! "உன் ஆளை நான் அழைக்க மாட்டேன், என் ஆளை நீ அழைக்காதே" என்று ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்டவை பேசிவைத்திருந்ததை 2010 இல் அமெரிக்க நீதி அமைச்சகம் வழக்கில் கொண்டுவந்தது. பிறகு ஊழியர்கள் போட்ட வழக்கில் அந்த நால்வரும் 41.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், 2015 இல் தீர்ந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு சம்பளத்தை எவ்வளவு ஏற்றும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

#22 பச்சைவிளக்கு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 15 அனுப்பினேன், 6 அழைப்பு. ஒரு இன்டர்வியூவில் டூல் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எதிரில் இருந்தவர் நள்ளிரவு பக்கைப் படித்துவிட்டு, "வாடிக்கையாளர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் எந்த நள்ளிரவு?" என்றார். முக்கால் மணி நேரம் அதையே பேசினோம். நடுவில் அவர் வெள்ளைப் பலகையில் கோடு போட ஆரம்பித்தார், நான் திருத்தினேன்.

ஆஃபர் வந்திருக்கிறது, 145! என் 100க்கு 145. உடனே ரிசைன் பண்ணலாமா?

#23 ஆள்பிடிப்பவள்

வாழ்த்துகள், ஆனால் கை வைக்காதே! உடைத்துப் போடு. நிலையான சம்பளம், வேரியபிள் (வருடத்துக்கு வருடம் கூடக் குறைய வரும் பகுதி), பங்கு, எல்லாம் தனித்தனியாக.

#24 பச்சைவிளக்கு

இப்போது: நிலை 92, வேரியபிள் 8. போன வருடம் அந்த 8இல் 5 சொச்சம்தான் வந்தது.
ஆஃபர்: நிலை 105, வேரியபிள் 20, பங்கு வருடத்துக்கு 20. பங்கு மொத்தம் 80, நாலு வருடத்தில் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் இல்லை. நிறுவனம் இன்னும் பங்குச்சந்தையில் இல்லை.

#25 ஆள்பிடிப்பவள்

சந்தையில் இல்லாத பங்கைப் பேச்சுவார்த்தையில் பூஜ்யம் என்று வை. விற்க முடிந்த அன்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். வேரியபிள் எதன் பேரில், போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேள். இப்போது மிஞ்சுவது 92க்கு 105, அதாவது 14%. இரண்டு மாதம் முன்பு சேர்ந்த தம்பியின் 131 நினைவிருக்கிறதா? ஆன்-கால் உண்டா?

#26 பச்சைவிளக்கு

மூன்று வாரத்துக்கு ஒரு முறை. தனிப் படி இல்லை.

#27 இரவுக்காவல்

அதை இப்போதே பேசுங்கள். சேர்ந்த பிறகு "டீமில் எல்லோரும் பார்க்கிறார்கள்" என்ற ஒரே பதில்தான் வரும். எனக்கு அந்த பதில் கிடைத்து 7 வருடம் ஆகிறது.

#28 பச்சைவிளக்கு

முடிந்தது. பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன், நிலையான சம்பளத்தை ஏற்றுங்கள் என்றேன். இரண்டு நாள் மௌனம். அப்புறம் நிலை 118, ஆன்-கால் வாரத்துக்குத் தனிப் படி. ஒப்புக்கொண்டேன்.

ரிசைன் மெயில் அனுப்பிய பத்தாவது நிமிடம் மேனேஜர் அழைத்தார். "முன்பே சொல்லியிருக்கலாமே, 125 வரை நான் வாங்கிக் கொடுத்திருப்பேனே" என்றார். 4% கொடுத்தபோது அதே மனிதர் பட்ஜெட் இல்லை என்றுதான் சொன்னார். ஆள்பிடிப்பவள் அக்கா சொன்ன இரண்டாவது பை போலிருக்கிறது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கோர்ஸுக்கு வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

#29 கோபோல்தாத்தா

நல்லது அம்மா. போவதற்கு முன் அந்த நள்ளிரவு சங்கதியை எங்காவது எழுதிவைத்துவிட்டுப் போ. அல்லது எழுதாமல் போ, மூன்று வருடம் கழித்து நல்ல விலைக்குக் கூப்பிடுவார்கள் :)

#30 பச்சைவிளக்கு

எழுதியாகிவிட்டது ஐயா. இன்று காலை என் இடத்துக்கு விளம்பரமும் போட்டுவிட்டார்கள். வரம்பு 120 முதல் 135.

#31 புதுவரவு

அக்கா, அதற்கு ஃப்ரெஷர் போடலாமா?

#32 பச்சைவிளக்கு

3 வருடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கீழே ஜூனியர் இடம் ஒன்றும் திறக்கப்போவதாகப் பேச்சு. எனக்கு நோட்டீஸ் பீரியட் இன்னும் 19 நாள் இருக்கிறது, அதுவரை என் ரெஃபரல் லிங்க் வேலை செய்யும். ரெஸ்யூமேயைத் தனிமடலில் அனுப்பு. 214 பேருக்கு அனுப்பியதை அப்படியே அனுப்பாதே, நீ கண்டுபிடித்துச் சரிசெய்த ஏதாவது ஒரு பக்கை நாலு வரியில் எழுது. கல்லூரி புராஜெக்டில் வந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றிரவே வேண்டும்.